கிற்றாருக்கு ஒரு ஸ்பீக்கர்ப் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிற்றார் வாசிக்கும் வாசகர்கள் பலர், ஸ்பீக்கர்ப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றி அண்மைக் காலமாகத் தொடர்ந்து எழுதிவருகின்றனர். கடிதங்களில் பெரும்பாலானவை திருகோணமலையிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்தவை. ஆகவே இம்முறை இப்பகுதியை முழுவதும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: எங்கள் இசைக்குழுவில் நான் லீட் கிற்றார் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 20 வாற்று அம்ப்ளிபயர். மண்டபத்தில் டிரம்ஸ் தொடங்கியதும் என் வாசிப்பு யாருக்கும் கேட்பதில்லை. பெரிய அம்ப்ளிபயர் வாங்க வசதியில்லை. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப் பெட்டியை நானே செய்தால் பயன் இருக்குமா? எந்த ஸ்பீக்கரை வாங்குவது? — வாசகர், உப்புவெளி

பதில்: பயன் இருக்கும். 20 வாற்று என்பது நீங்கள் நினைப்பதுபோல் சிறிய வலு அன்று; அந்த வலுவைக் காற்றின் அசைவாக மாற்றும் ஸ்பீக்கர்தான் உங்கள் அம்ப்ளிபயரில் சிறியது. கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள். பெட்டியை அடுத்த ஆண்டு உடைத்துவிட்டு வேறொன்று செய்துகொள்ளலாம். தரங்குறைந்த ஸ்பீக்கரை எந்தப் பெட்டியாலும் திருத்த முடியாது.

கடைக்காரர் முதலில் சொல்வது ஸ்பீக்கர் எத்தனை வாற்று என்பதைத்தான். அந்த எண், ஸ்பீக்கர் கருகாமல் எவ்வளவு வலுவைத் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது உணர்திறன், அதாவது 1 வாற்று கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளக்கும்போது கிடைக்கும் டெசிபெல் அளவு. 3 டெசிபெல் கூடுவது அம்ப்ளிபயரின் வலு இரட்டிப்பாவதற்குச் சமம் என்பதால், 94 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிவிட்டு 100 டெசிபெல் ஸ்பீக்கரை மாட்டினால், உங்கள் 20 வாற்று அம்ப்ளிபயர் 80 வாற்று அம்ப்ளிபயர் செய்யும் வேலையைச் செய்யும். இதைவிட மலிவாக 60 வாற்றை வாங்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, அது கிற்றாருக்கென்றே செய்யப்பட்ட ஸ்பீக்கராக இருக்க வேண்டும். கிற்றாரின் தடித்த ஆறாவது தந்தி 82 ஹேட்ஸில், அதாவது செக்கனுக்கு 82 அதிர்வுகளில், ஒலிக்கிறது. கிற்றார் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 75 ஹேட்ஸிலிருந்து 5,000 ஹேட்ஸ் வரை நன்றாக ஒலித்து, அதற்குமேல் விரைவாக அடங்கிவிடும். இது குறைபாடு அன்று. டிஸ்டோர்ஷனை, அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் வசதியை, போட்டு வாசிக்கும்போது உருவாகும் கூர்மையான மேற்சுரங்கள் பல, இந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கின்றன. அவற்றை ஸ்பீக்கர் வடிகட்டிவிடுவதால்தான் கிற்றார் கிற்றாராகக் கேட்கிறது. அதே ஒலியை டுவீட்டர் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) உள்ள வீட்டு ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள், தகரத்தின்மேல் மணல் கொட்டுவதுபோல இருக்கும்.

பெயர் சொல்லிக் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் செலெஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30, பெயரில் 30 இருந்தாலும் 60 வாற்று தாங்கும். உணர்திறன் 100 டெசிபெல். மேல் நடுத்தர மீடிறன்களை அது சற்று முன்னுக்குத் தள்ளுவதால், டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே லீட் வாசிப்பு தெளிவாக வெளிப்படும். அதே நிறுவனத்தின் ஜி12எம் கிரீன்பேக் மென்மையானது, ஆனால் 25 வாற்றுதான் தாங்கும்; முழுச் சத்தத்தில் டிஸ்டோர்ஷனுடன் வாசிக்கும்போது 20 வாற்று அம்ப்ளிபயர், குறிப்பிட்ட அளவைத் தாண்டியும் வலுவை வெளியிடக்கூடும் என்பதால், அதை உங்களுக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அம்ப்ளிபயரின் வாற்றைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கரைத் தேர்வது நல்ல வழக்கம். பைலாவுக்கும் பழைய திரைப்பாடல்களுக்கும் கோர்ட்ஸ் வாசிப்பவர், டிஸ்டோர்ஷனை அதிகம் தொடாதவர் என்றால், பளிச்சென்று ஒலிக்கும் ஜென்சன் சி12என் போன்ற அமெரிக்கப் பாணி ஸ்பீக்கர் அவருக்கு இன்னும் பொருந்தும். அமெரிக்காவின் எமினன்ஸ் நிறுவனமும் இவ்விரு பாணிகளிலும் ஸ்பீக்கர்களைச் செய்கிறது.

கொழும்பு புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் வாங்குவதானால், காந்தத்தின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஓம் (மின்னோட்டத்தை ஸ்பீக்கர் தடுக்கும் அளவு) எவ்வளவு, உணர்திறன் எவ்வளவு என்பவற்றை மாதிரி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். விண்டேஜ் 30 ஏறத்தாழ 4.7 கிலோ நிறையுள்ளது. கையில் தூக்கினாலே ஓரளவு தெரிந்துவிடும்.

கேள்வி: பெட்டியின் அளவுகளைச் சொல்வீர்களா? பின்புறத்தை மூட வேண்டுமா, திறந்து விட வேண்டுமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். — வாசகர், அன்புவழிபுரம்

பதில்: ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வதற்குக் காரணம், இரண்டும் சரியானவை என்பதுதான். ஃபெண்டர் நிறுவனத்தின் டீலக்ஸ் ரிவேர்ப், டுவின் ரிவேர்ப் போன்ற அம்ப்ளிபயர்களின் பின்புறம் திறந்தது. மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர்ப் பெட்டியின் பின்புறம் மூடியது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. 82 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீற்றருக்கும் சற்று அதிகம். பெட்டியோ அரை மீற்றர்தான். ஆகவே பின்புறம் திறந்திருந்தால், பின்னால் பிறந்த அலை பெட்டியைச் சுற்றி முன்னால் வந்து தாழ்ந்த சுரங்களின் ஒரு பகுதியை அழித்துவிடும். கிடைப்பது, அடியில் சற்று மெலிந்த, ஆனால் அறை முழுவதும் பரவும் ஒலி. பின்புறத்தை மூடினால் அடைபட்ட காற்று கூம்புக்குப் பின்னால் ஒரு வில்லாக நின்று அதன் அசைவைக் கட்டுப்படுத்தும். அடிச்சுரங்கள் இறுக்கமாகவும் அடர்த்தியாகவும் வரும், ஒலி பெரும்பாலும் முன்பக்கமாகவே போகும்.

எதைத் தேர்வது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பின்பலகையை மூன்று துண்டுகளாக வெட்டி, நடுத்துண்டைக் கழற்றக்கூடியதாகச் செய்துவிடுங்கள். சிறிய அறையில் பயிற்சி செய்யும்போது கழற்றி விடலாம், மண்டபத்தில் மாட்டிவிடலாம்.

இப்போது அளவுகள். 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில், வெளிப்புறத்தில் 560 மில்லிமீற்றர் அகலம், 460 உயரம், 300 ஆழம் கொண்ட பெட்டி ஒன்று 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தாராளமாகப் போதும். மேற்பலகையும் அடிப்பலகையும் 560க்கு 300. அவற்றுக்கு நடுவே நிற்கும் பக்கப்பலகைகள் 424க்கு 300. ஸ்பீக்கர் பூட்டும் முன்பலகையும் பின்பலகையும் 524க்கு 424. முன்பலகையை விளிம்பிலிருந்து 20 மில்லிமீற்றர் உள்ளே தள்ளிப் பொருத்தினால், துணி கட்டிய சட்டத்தைப் பிறகு அந்த இடைவெளியில் வைக்கலாம். அப்போது உள்ளே எஞ்சும் கொள்ளளவு ஏறத்தாழ 54 லீற்றர். 8 அடிக்கு 4 அடிப் பலகையில் பாதியை வாங்கினால் இத்துண்டுகள் அனைத்தையும் எடுத்துவிடலாம். வீட்டில் நல்ல வாள் இல்லாதவர்கள், நேர்வெட்டுகளை மட்டும் தச்சுப்பட்டறையில் வெட்டுவித்துக்கொள்வதே புத்திசாலித்தனம், ஏனென்றால் பலகைகள் நேராக வெட்டப்பட்டிருந்தால் மற்றவை தாமாகவே பொருந்தும்.

12 அங்குல ஸ்பீக்கர் என்பதற்காக 12 அங்குலத் துளை வெட்டிவிடாதீர்கள். ஸ்பீக்கர் அதற்குள் விழுந்துவிடும். செலெஸ்டியனின் 12 அங்குல ஸ்பீக்கர்களுக்கு வேண்டிய துளையின் விட்டம் 283 மில்லிமீற்றர். ஆணி ஒன்றில் நூலைக் கட்டி 141.5 மில்லிமீற்றர் ஆரத்தில் வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு துளையிட்டு, அங்கிருந்து ஜிக்சோ வாளால் வெட்டுங்கள். வேறு நிறுவனத்தின் ஸ்பீக்கராயின், கையில் கிடைத்த பிறகு அளந்து வெட்டுவதே பாதுகாப்பானது. மூலைகளின் உட்புறத்தில் 20 மில்லிமீற்றர் கட்டைகளை வைத்து, பசையும் திருகாணியும் சேர்த்து இறுக்குங்கள். ஸ்பீக்கரை மரத்திருகாணியால் பூட்டாமல், போல்ட்டும் பலகையின் மறுபுறத்தில் பதியும் நட்டும் போட்டால், கழற்றிப் பூட்டும்போது துளைகள் தளராது. போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முதலில் முறுக்கினால் ஸ்பீக்கரின் சட்டம் வளைந்து, உள்ளே கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் உரசத் தொடங்கும்.

வீட்டு ஸ்பீக்கர்களுக்குச் செய்வதுபோல் கொள்ளளவை நுணுக்கமாகக் கணித்து, உள்ளே பஞ்சு நிரப்பிப் பாடுபட வேண்டியதில்லை. மூடிய பெட்டியில் ஒலி குழைவாக இருந்தால் பின்பலகையின் உட்புறத்தில் மட்டும் தடித்த கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டிப் பார்க்கலாம். காற்றுக் கசிவைத்தான் கவனிக்க வேண்டும். பின்பலகை அமரும் கட்டைகளின்மேல் மெல்லிய ஸ்பொஞ்சுப் பட்டியை ஒட்டாமல் விட்டால், சில சுரங்களில் பெட்டி கரகரக்கும். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்துப் பலர் கடைக்கு ஓடுவது இதற்காகத்தான்.

கேள்வி: சவுண்ட் சேர்விஸ் நடத்திய என் மாமா, 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் காரில் பூட்டும் சப்வூபர் ஒன்று வைத்திருக்கிறார். இவற்றைக் கிற்றாருக்குப் பயன்படுத்தலாமா? — வாசகர், மூதூர்

பதில்: கார் சப்வூபரை மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் 4 ஓம்; உணர்திறனும் மிகக் குறைவு. 88 டெசிபெல் சப்வூபர் ஒன்று, 100 டெசிபெல் கிற்றார் ஸ்பீக்கரின் சத்தத்தைத் தர வேண்டுமானால் 16 மடங்கு வலு வேண்டும். 20 வாற்று செய்யும் வேலைக்கு 320 வாற்று. அதன் பிறகும் கிற்றாரின் நடுச்சுரங்கள் அதில் மங்கலாகத்தான் கேட்கும்.

மாமாவின் ஸ்பீக்கர் அப்படி அன்று. மேடை ஒலிபெருக்கிப் பெட்டிகளின் 15 அங்குல ஸ்பீக்கர்களில் பல, உணர்திறன் மிகுந்தவை. ஆனால் மேல் மீடிறன்களை ஹோர்ன் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை என்பதால், கிற்றாருக்குச் சற்றுப் போர்த்தியதுபோல் ஒலிக்கும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். ஒலி பிடிக்காவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை, ட்ரெபிளைக் கூட்டிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்பீக்கர் எதுவானாலும் வீட்டுக்குக் கொண்டுவர முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரு கைவிரல்களையும் கூம்பின் நடுப்பகுதியைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் கருகியிருக்கலாம், அல்லது கடற்காற்றில் காந்த இடைவெளிக்குள் துருப் பிடித்திருக்கலாம். எந்தக் காரணமானாலும் அதை எடுக்க வேண்டாம்.

கேள்வி: எனது சிறிய அம்ப்ளிபயரில் வெளி ஸ்பீக்கருக்கான துளை இல்லை, ஹெட்போன் துளை மட்டுமே உண்டு. அதிலிருந்து பெட்டிக்கு வயர் கொடுக்கலாமா? — மாணவர், கிண்ணியா

பதில்: கூடாது, தம்பி. ஹெட்போன் துளை மிகச் சிறிய வலுவுக்காக அமைக்கப்பட்டது. 8 ஓம் ஸ்பீக்கரை அதில் தொடுத்தால் முனகலாக ஏதோ கேட்கும், அந்தப் பகுதி பழுதாகவும் கூடும்.

திரான்சிஸ்டர் அம்ப்ளிபயராக இருந்தால் வேறு வழி உண்டு. மின்சாரச் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பின்பலகையைத் திறந்தால், உள்ளிருக்கும் ஸ்பீக்கருக்கு இரண்டு வயர்கள் போவதைக் காணலாம். பெரும்பாலும் அவை செருகிக் கழற்றக்கூடியவையாகவே இருக்கும். அவற்றைக் கழற்றி, பின்புறத்தில் பூட்டிய கால் அங்குல மோனோ ஜெக் ஒன்றுக்குக் கொண்டுபோனால், அதிலிருந்து புதிய பெட்டிக்குத் தொடுக்கலாம். அதற்கு முன் உள் ஸ்பீக்கரின் பின்புறத்தில் எத்தனை ஓம் என்று எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியது அதைவிடக் குறைந்ததாக இருக்கக் கூடாது. திரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வு அம்ப்ளிபயரானால் நீங்களாகத் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் அதன் கொள்ளளவிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

கேள்வி: 16 ஓம் என்று சொல்லி விற்கப்பட்ட 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டை வாங்கினேன். மல்ரிமீற்றரில் ஒவ்வொன்றும் 12.6 ஓம் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? இவற்றை நண்பரின் வால்வு அம்ப்ளிபயருக்கு எப்படித் தொடுப்பது? — வாசகர், பாலையூற்று

பதில்: நீங்கள் ஏமாறவில்லை. மல்ரிமீற்றர் காட்டுவது, சுருளின் செம்புக் கம்பிக்கு நேரோட்ட மின்சாரத்தில் உள்ள தடை. ஸ்பீக்கரில் எழுதப்படும் ஓம் என்பது ஆடலோட்டத்தில் அது காட்டும் இம்பீடன்ஸ். அது மீடிறனுக்கு மீடிறன் ஏறி இறங்கும் ஒன்று, 16 என்பது அதற்கு இடப்பட்ட பெயரளவான பெறுமதி. நேரோட்டத் தடை எப்போதும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் 6க்கும் 7க்கும் இடையிலும், 16 ஓம் ஸ்பீக்கர் 12, 13 அளவிலும் காட்டுவது இயல்பு. 16 என்று சொல்லப்பட்டது 6.5 காட்டியிருந்தால்தான் விற்றவரைத் தேடிப் போக வேண்டும்.

இரண்டையும் சமாந்தரமாகத் தொடுத்தால், அதாவது நேர் முனையோடு நேர் முனையையும் எதிர் முனையோடு எதிர் முனையையும் இணைத்தால், மொத்தம் 8 ஓம் ஆகும். தொடராகத் தொடுத்தால் 32 ஓம். அது யாருக்கும் உதவாது. ஆகவே சமாந்தரமாகத் தொடுத்து, அம்ப்ளிபயரின் 8 ஓம் துளையில் செருகுங்கள். இங்கே வால்வுக்கும் திரான்சிஸ்டருக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. திரான்சிஸ்டர் அம்ப்ளிபயரின் பின்னால் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால், 8 ஓம், 16 ஓம் எதையும் தொடுக்கலாம். சத்தம் குறையுமே தவிர ஆபத்து இல்லை. 4க்குக் கீழே போனால்தான் வெளியீட்டுத் திரான்சிஸ்டர்கள் சூடேறிப் போய்விடும். வால்வு அம்ப்ளிபயரிலோ, வெளியீட்டு மின்மாற்றி ஒரு குறிப்பிட்ட ஓமுக்காகச் சுற்றப்பட்டிருப்பதால் இரண்டும் பொருந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பீக்கர் தொடுக்கப்படாமல் அதை ஒருபோதும் வாசிக்கக் கூடாது. திறந்த சுற்றில் எழும் உயர் மின்னழுத்தம் அந்த மின்மாற்றியையே எரித்துவிடும். நண்பரின் அம்ப்ளிபயர் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இதே காரணத்தால், அம்ப்ளிபயரிலிருந்து பெட்டிக்குக் கிற்றார் கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். செருகி ஒரே மாதிரி இருப்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள். கிற்றார் கேபிளின் நடுக்கம்பி மெல்லியது; ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தில் சூடேறி அறுந்துபோகலாம். 1.5 சதுர மில்லிமீற்றர் இரட்டை வயரில் இரு முனைகளிலும் செருகியை ஈயம் பற்றவைத்தால் போதும், விலையும் குறைவு.

பூட்டுவதற்கு முன் 1.5 வோல்ற் பற்றரி ஒன்றை ஒவ்வொரு ஸ்பீக்கரின் முனைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பற்றரியின் நேர் முனை ஸ்பீக்கரின் நேர் முனையைத் தொடும்போது கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் அசைந்தால், ஒன்றின் வயர்களை மாற்றித் தொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, இரண்டு ஸ்பீக்கரின் அடி ஒலி ஒன்றின் அடி ஒலியைவிடக் குறைந்துவிடும்.

இதே கேள்வியின் தொடர்ச்சியாக இன்னொருவர், 16 ஓம் ஒன்றையும் 8 ஓம் ஒன்றையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். சமாந்தரமாகச் சேர்த்தால் 5.3 ஓம் வரும். 8 ஓம் ஸ்பீக்கர் மற்றதைவிட இரு மடங்கு வலுவை எடுத்துக்கொண்டு, உழைப்பு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும். வெவ்வேறு மாதிரி ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் பூட்டுவது தவறன்று, பல நேரங்களில் அழகாகவே இருக்கும். ஆனால் ஓம் சமமாகவும் உணர்திறன் 2, 3 டெசிபெல்லுக்குள்ளும் இருக்க வேண்டும். 30 வாற்று வொக்ஸ் ஏசி30 அம்ப்ளிபயர், 15 வாற்று தாங்கும் செலெஸ்டியன் புளூ ஸ்பீக்கர்கள் இரண்டை வைத்துக்கொண்டே புகழ்பெற்றது. தாங்கும் வலு இப்படிக் கூட்டிக் கணக்கிடப்படுவது, இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும்போது மட்டுமே.

கேள்வி: வீட்டில் நன்கு காய்ந்த பலாப்பலகைகள் இருக்கின்றன. மிருதங்கமே பலாவில்தானே செய்கிறார்கள். ஸ்பீக்கர்ப் பெட்டிக்கு அதைவிட நல்ல மரம் உண்டா? எங்கள் வீடு கடற்கரையோரம் என்பதையும் கருத்தில் கொள்ளவும். — வாசகர், திருக்கடலூர்

பதில்: மிருதங்கத்தின் கட்டை ஒரே மரத்தில் குடையப்படுவது, பெட்டியோ பல துண்டுகளை மூலையில் இணைத்துச் செய்வது. சிக்கல் அந்த மூலைகளில்தான் வருகிறது. வாடைக்காற்றும் மழையும் வரும் மாதங்களில் முழுமரப் பலகை ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் விரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுருங்கும். நார்ப்போக்கு ஒன்றுக்கொன்று குறுக்காக இணைக்கப்பட்டிருந்தால் இரண்டு பருவங்களில் பலகை பிளந்துவிடும். பிளைவூட்டில் மெல்லிய தகடுகள் மாறிமாறிக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்த அசைவு மிகக் குறைவு.

முழுமரம் தவறு என்று சொல்லவில்லை. 1950களின் ஃபெண்டர் அம்ப்ளிபயர்களின் பெட்டி முழுப் பைன் மரத்தில் செய்யப்பட்டது. இலேசான அந்த மரம் ஒலியோடு சேர்ந்து சற்றே அதிர்வதை விரும்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பலாவைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், நான்கு சுற்றுப்பலகைகளிலும் நார் பெட்டியைச் சுற்றி ஒரே திசையில் ஓடும்படி வெட்டுங்கள். அப்போது அனைத்தும் ஆழவாட்டில் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்கும். ஸ்பீக்கர் பூட்டும் முன்பலகையை மட்டும் எப்படியும் பிளைவூட்டிலேயே செய்யுங்கள். பெட்டி கனமாக இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பிளைவூட்டில் செய்தாலே ஸ்பீக்கருடன் 16, 17 கிலோ வரும். என்னைக் கேட்டால், நல்ல பலாப்பலகையை ரெக்சின் போட்டு மூடுவதற்கு மனம் வராது. கதவுக்கோ மேசைக்கோ வைத்திருப்பேன்.

கடற்கரை வீட்டுக்கு மரைன் பிளைவூட் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அதன் பசை நீரைத் தாங்கும். எம்டிஎப் பலகையை எங்கள் காலநிலையில் தவிர்க்கவே சொல்வேன். வெட்டிய ஓரம் ஈரத்தைக் குடித்துப் பருத்துவிடும், திருகாணியும் நிலைத்து நிற்காது. எந்தப் பலகையானாலும் வெட்டிய ஓரங்களுக்கும் உட்புறத்துக்கும் இரண்டு கோட் வார்னிஷ் பூசுங்கள். கறையானுக்கும் அது ஓரளவு தடையாகும். ஆணிகளும் போல்ட்டுகளும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். பெட்டிக்கு இறப்பர்க் கால்கள் பூட்டி நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள்.

வெளிப்புறத்துக்கு ரெக்சின் வேண்டுமானால், முச்சக்கரவண்டி இருக்கைகள் தைக்கும் குஷன் கடைகளில் மீதித் துண்டுகள் கிடைக்கும்; ஒட்டித் தருமாறு கேட்டால் மூலைகளை நம்மைவிட அழகாக மடித்துத் தருவார்கள். முன்புறத் துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையின்றி மறுபக்கம் போனால் ஒலியும் போகும்.

கேள்வி: கிற்றாருக்குச் செய்த பெட்டியில் பேஸ் கிற்றாரையும் கீபோர்டையும் வாசிக்கலாமா? — வாசகர், சாம்பல்தீவு

பதில்: பேஸ் கிற்றாரின் தாழ்ந்த தந்தி 41 ஹேட்ஸ். கிற்றார் ஸ்பீக்கரின் கூம்பு அந்த அசைவுக்குச் செய்யப்பட்டதன்று. மெதுவாக வாசித்தால் தப்பும், மேடையில் வாசித்தால் கிழியும். கீபோர்டு ஆபத்தில்லை, ஆனால் 5,000 ஹேட்ஸுக்கு மேல் எதுவும் வராது என்பதால் பியானோ மந்தமாகக் கேட்கும். இரண்டுக்கும் மேடை ஒலிபெருக்கியே பொருத்தம்.

கேள்வி: பெட்டியைச் செய்து முடித்துவிட்டேன். கோயில் திருவிழா மேடையில் வாசித்தபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் காது குடைகிறது என்றார்கள். பக்கத்தில் நின்ற எனக்கோ மந்தமாகக் கேட்டது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா? — வாசகர், நிலாவெளி

பதில்: மாற்ற வேண்டியதில்லை. 12 அங்குலக் கூம்பின் அகலமும் 1,100 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளமும் ஏறத்தாழ ஒன்று. அதற்குக் கீழுள்ள ஒலி எல்லாப் பக்கமும் பரவும். மேலே போகப்போக ஒலி ஒடுங்கி, கூம்புக்கு நேரெதிரே மட்டும் கற்றையாகப் போகும். பெட்டியை நிலத்தில் வைத்து அருகில் நின்றால் அந்தக் கற்றை உங்கள் முழங்காலுக்கும், அதற்கப்பால் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் முகத்துக்கும் போகிறது. நீங்கள் மந்தம் என்று நினைத்து ட்ரெபிளைக் கூட்டக்கூட, தண்டனை அவர்களுக்கு.

பெட்டியைக் கதிரை ஒன்றின்மேல் வையுங்கள், அல்லது முன்புறத்தைக் கட்டையால் உயர்த்திப் பின்னால் சாய்த்து, கூம்பு உங்கள் தலையைப் பார்க்கும்படி திருப்புங்கள். அந்தக் கற்றைக்குள் நின்றுகொண்டே ட்ரெபிளைச் சரிசெய்யுங்கள். முன்பு வைத்த அளவைவிட வெகுவாகக் குறைப்பீர்கள். கூட்டம் பெரிதானால் சத்தத்தைக் கூட்டாமல், சவுண்ட் சேர்விஸ்காரரிடம் மைக் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியின் முன் வையுங்கள். ஷூர் எஸ்எம்57 இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இல்லையென்றால் பாடகருக்கு வைக்கும் சாதாரண மைக்கும் போதும். துணியிலிருந்து 3, 4 சென்ரிமீற்றர் தூரத்தில், கூம்பின் நடுமூடிக்கும் வெளிவிளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தைப் பார்த்து வைத்தால் ஒலி சமநிலையாக வரும். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை கூடும், விளிம்பை நோக்கி நகர்த்தினால் குறையும். துணி மூடியிருப்பதால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. சட்டத்தைப் பூட்ட முன்னரே அந்த இடத்தில் நிற நூலால் சிறிய தையல் ஒன்றைப் போட்டுவைத்தால், மேடை இருட்டில் டோர்ச் அடித்துத் தேட வேண்டியிராது.